இரத்தத்தில் ஊறிய தாளமா? அமெரிக்கக் கண்டங்களின் கறுப்பின ஆட்டங்கள் பற்றி

3 பிப்ரவரி 2025, இழையைத் தொடங்கிய கேள்வி

"அமெரிக்கக் கண்டங்களில் கறுப்பின மக்கள் ஆடுகிற ஆட்டமெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்கிறார்கள். எனக்கு நம்பும்படி இல்லை. கப்பலில் ஏற்றும்போதே குடும்பம், மொழி, சாமி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். முந்நூறு வருஷம் கழித்து என்ன மிஞ்சும்? இரத்தத்தில் ஊறிய தாளம் என்று வேண்டுமானால் சொல்லலாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்."

3 பிப்ரவரி, இரவு

இரத்தத்தில் தாளம் ஊறாது. இதைப் பாராட்டாகச் சொல்கிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கற்றுக்கொடுத்தவர் உழைப்பும் கற்றுக்கொண்டவர் உழைப்பும் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போய்விடுகின்றன. நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

நான் இருப்பது ஆர்லாண்டோவில். இங்கே புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள் ஏராளம். சின்ன வயதில் ஒன்பது வருஷம் மிருதங்கம் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் இரண்டு வருஷத்துக்கு முன், அவர்கள் தீவின் கறுப்பின மேள ஆட்டமான போம்பா வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

போம்பாவுக்கு மேளம் என்பது பீப்பாய். அந்தக் காலத்தில் ரம் பீப்பாய்க்கு ஆட்டுத்தோல் கட்டி வாசித்தார்கள். இன்றும் அதற்குப் பெயர் 'பாரில்', அதாவது பீப்பாய்தான். குறைந்தது இரண்டு வேண்டும். புலேயாதோர் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ப்ரிமோ பேசும். பக்கத்தில் ஒருவர் இரண்டு குச்சிகளால் மரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார், அது குவா. கூடவே ஒரு மராக்கா.

ஒரு நாள் ப்ரிமோவை என் கையில் கொடுத்தார்கள். ஆசிரியைக்கு அறுபது தாண்டியிருக்கும், மாயகுவெஸ் ஊர்க்காரர். வட்டத்துக்குள் வந்தார். மேளத்துக்கு முன்னால் நின்று தலை சாய்த்தார். பாவாடையை இரண்டு கையாலும் விரித்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன். கணக்கெல்லாம் சுத்தமாக வந்தது, ஒரு கோர்வை வைத்துச் சமத்தில் இறக்கினேன். அவர் ஆடவே இல்லை. அப்படியே நின்றார்.

"நீ உன் பாட்டுக்கு வாசிக்கிறாய். அப்புறம் நான் எதற்கு? என் தோளைப் பார்."

போம்பாவில் ப்ரிமோ முன்னால் போகக் கூடாது. ஆடுகிறவர் பாவாடை நுனியை வெட்டி இழுத்தால் அங்கே ஒரு அடி விழ வேண்டும். தோள் குலுங்கினால் குலுங்கலுக்கு ஏற்ற அடி. அவர் நின்றால் ப்ரிமோ காத்திருக்க வேண்டும். அப்படி அவர் போடும் ஒவ்வொரு வெட்டுக்கும் பிக்கெத்தே என்று பெயர். உடம்பு சொல்வதைத் தோல் திருப்பிச் சொல்கிறது. இதைப் பிறப்பிலேயே கொண்டுவந்தவர் யாருமில்லை. ஆசிரியையின் சொந்தப் பேரனே என் பக்கத்தில் உட்கார்ந்து இதே திட்டை வாங்கிக்கொண்டிருந்தான்.

நான் ஆப்பிரிக்கா என்று சொல்வது இந்த விதியைத்தான். யார் யாரைப் பார்க்க வேண்டும், யார் யாருக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை.

6 பிப்ரவரி

"ஒரு தீவில் ஒரு வழக்கம். அதை வைத்துக் கண்டத்தையே பேசலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

கரிஃபுனா மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கர்களும் கரீப் பழங்குடியினரும் கலந்து செயின்ட் வின்சென்ட் தீவில் உருவான சமூகம். 1797-இல் பிரிட்டிஷ்காரர்கள் அவர்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுபோய் ஹொண்டுராஸ் கரைக்கு எதிரே உள்ள ரோவத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள். இன்று பெலீஸ், ஹொண்டுராஸ், குவாத்தமாலா கரையோரம் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் முகமூடி போட்டு ஆடும் வனராகுவாவில் முழங்காலில் சிப்பிச் சரம் கட்டிக்கொள்வார்கள். அங்கேயும் மேளக்காரர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். மொழி வேறு, சாமி வேறு, புவெர்ட்டோ ரிக்கோவோடு நேர்த் தொடர்பும் கிடையாது.

இன்னொன்று, குதிகால். மார்த்தினிக்கில் பெலே ஆட்டத்துக்கு மேளத்தைத் தரையில் கிடத்தி, அதன்மேல் குதிரையில் ஏறுவதுபோல் உட்கார்ந்து கையால் வாசிப்பார்கள். வாசித்துக்கொண்டே குதிகாலைத் தோலில் அழுத்தி ஓசையை ஏற்றி இறக்குவார்கள். பின்னால் ஒருவர் மேளத்தின் மரத்திலேயே இரண்டு குச்சியால் தட்டுவார், அது திப்வா. ஜமைக்காவின் கிழக்கு மூலையில் செயின்ட் தாமஸில் குமினா ஆடுகிறவர்களிடமும் இதே கிடைமேளம், இதே குதிகால். ஒன்று பிரெஞ்சுத் தீவு, மற்றது ஆங்கிலத் தீவு.

மிருதங்கக்காரனுக்கு இது நன்றாகவே புரியும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி நாம் எடுக்கிற கும்கி ஓசையை அவர்கள் காலால் எடுக்கிறார்கள்.

7 பிப்ரவரி

மேலே உள்ளதில் ஒரு விளக்கம் விட்டுப்போனது. குமினா பற்றிப் படிக்கிறவர்கள் அது அடிமைக் காலத்திலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜமைக்காவில் முழு விடுதலை 1838-இல். குமினாவுக்கு உயிர் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு, 1840-களிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய மத்திய ஆப்பிரிக்கர்கள். குமினாப் பாட்டில் கொங்கோச் சொற்கள் இவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

9 பிப்ரவரி

கேள்வியின் அடிப்படைக்கு வருகிறேன். "எல்லாரையும் கலைத்துப் போட்டார்கள், முந்நூறு வருஷம் ஆகிவிட்டது." இரண்டுமே பாதிதான் உண்மை.

அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.25 கோடி பேர். உயிரோடு கரையேறியவர்கள் சுமார் 1.07 கோடி. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நான் ஒவ்வொரு முறையும் கழித்துப் பார்க்கிறேன், மனம் ஆறுவதில்லை. கரையேறியவர்களில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பகுதிக்கு நேராக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சம். கியூபாவுக்கு 7 லட்சத்துக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் 1790-க்குப் பிறகு வந்தவர்கள், கடைசிக் கப்பல்கள் 1860-களில். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886-இல். 1952-இல் மாதான்சாஸ் நகரில் 'லோஸ் முன்யேகிதோஸ்' ரும்பா குழு தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். முந்நூறு வருஷ இடைவெளி எங்கே இருக்கிறது?

கலைத்துப் போட்டதும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. கப்பல்கள் குறிப்பிட்ட துறைமுகங்களிலிருந்து வந்தன, ஒரே கரை ஆட்கள் ஒரே ஊரில் சேர்ந்தார்கள். ஹவானா விரிகுடாவின் மறுகரையில் ரெக்லா என்ற ஊர். 1836-இல் அங்கே அபாக்குவா என்ற ஆண்கள் சங்கம் தொடங்கியது. நைஜீரியா, கேமரூன் எல்லையில் கிராஸ் ஆற்றுப் பக்கத்து எக்பே சிறுத்தைச் சங்கம்தான் அதன் மூலம். இன்றும் அது ஹவானா, மாதான்சாஸ், கார்தெனாஸ் துறைமுக ஊர்களை விட்டுப் பெரிதாகப் பரவவில்லை. அவர்களுடைய ஈரேமே ஆட்டக்காரர் கூம்புத் தலைமூடியும் கட்டம் போட்ட உடையும் அணிந்து, இடுப்பில் மணி கட்டி வருவார். பேச மாட்டார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் மணி பேசும். 2001-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் எக்பே ஆட்களும் அபாக்குவா ஆட்களும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். இந்தப் பக்கத்துப் பாட்டில் வந்த சொற்களை அந்தப் பக்கம் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆட்டத்தையும்தான்.

9 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ரும்பா என்றதும் ஹோட்டல் மேடையில் சட்டைக்கை முழுக்க மடிப்பு வைத்து ஆடுவார்களே, அதை நினைக்காதீர்கள். கியூபாவின் ரும்பா தெருவும் முற்றமும் சேர்ந்தது. மூன்று வகை: யம்பூ, குவாகுவாங்கோ, கொலும்பியா. மேளம் இல்லாத இடத்தில் கருவாட்டுப் பெட்டியைத் தட்டி ஆடினார்கள். கொலும்பியா ஆண்கள் தனித்தனியாக வந்து ஆடுவது. ஈரேமேயின் அசைவுகள் அதில் அப்படியே வந்து உட்காரும்.

13 பிப்ரவரி

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "தெற்கே சரி, அமெரிக்காவில் என்ன இருக்கிறது? அங்கே மேளத்தையே தடை செய்துவிட்டார்களே?"

போன வருஷம் ஜார்ஜியாவில் ஒரு திறந்தவெளி விழாவில் மெக்கின்டாஷ் கவுண்டி ஷவுட்டர்ஸ் குழுவைப் பார்த்தேன். இங்கிருந்து சுமார் மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் கடலோரம் போல்டன் என்று ஒரு சிறிய குடியிருப்பு இருக்கிறது, அங்கே உள்ளவர்கள். அவர்கள் ஆடுவது ரிங் ஷவுட். 1980-இல்தான் முதன்முதலாக வெளியார் முன்னால் ஆடினார்கள். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக டிசம்பர் 31 இரவில், புத்தாண்டுக்குக் காத்திருக்கும் ஜெபத்தின்போது, தங்களுக்குள் ஆடிவந்தார்கள். 1993-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது.

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் துடைப்பக் கட்டை. அதைச் செங்குத்தாகப் பிடித்து மரப்பலகையில் குத்திக்கொண்டே இருந்தார். மேளம் அவ்வளவுதான். ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, பின்னால் நிற்பவர்கள் கைதட்டிப் பதில் சொன்னார்கள். நீண்ட பாவாடை, தலையில் துணி கட்டிய பெண்கள் வட்டமாக நகர்ந்தார்கள், இடஞ்சுழியாக, நம் பிரதட்சிணத்துக்கு நேர் எதிராக. நான் பலகை ஓரத்தில் உட்கார்ந்து கால்களையே பார்த்தேன். பாதம் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. தேய்த்துத் தேய்த்து, சின்னச் சின்ன உதறலாக நகர்ந்தது. முழங்கால் மடங்கியே இருந்தது, முதுகு சற்றே குனிந்திருந்தது. ஒரு அம்மாவின் காலணி விளிம்பு பலகையில் உரசுகிற ஓசை கட்டையின் இரண்டு குத்துக்கு நடுவே சரியாக விழுந்தது. அது மூன்றாவது வாத்தியம் என்று புரிய எனக்கு ஒரு பாட்டு முழுக்கத் தேவைப்பட்டது.

காலைக் குறுக்கே போடக் கூடாது. அதுதான் பெரிய விதி. குறுக்கே போனால் அது நடனம், தேவாலயத்துக்கு நடனம் பாவம். போகாவிட்டால் அது வழிபாடு. போதகர்கள் ஆட்டத்தைத் தடுத்தபோது, எது ஆட்டம் என்ற எல்லையை இவர்களே கால் நுனியால் கிழித்துக்கொண்டார்கள். எவ்வளவு கூர்மையான அறிவு!

14 பிப்ரவரி

மேளத் தடை பற்றி. 1739 செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்து, கொடி பிடித்து மேளம் கொட்டி அணிவகுத்தார்கள். வழியில் நின்று ஆடினார்கள். அவர்களில் பலர் கொங்கோ நாட்டில் போர் பழகியவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அடுத்த வருஷமே, 1740-இல், மேளமும் கொம்பும் கூடாது என்று சட்டம் வந்தது. மேளம் போனதும் உடம்பே மேளமானது. தொடை, மார்பு, கன்னம் எல்லாவற்றிலும் தட்டித் தாளம் போடுகிற ஜூபா பிறந்தது. அதிலிருந்துதான் காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் டேப் நடனம்.

15 பிப்ரவரி

நேற்று எழுதியதன் கடைசி மூன்று வரிகளை ஒரு இரவு தள்ளி மறுபடி படித்தேன். கதை ரொம்ப நேராக ஓடுகிறது. திருத்துகிறேன்.

ஒன்று, அந்தச் சட்டம் தென் கரோலினாவுடையது. எல்லா இடத்திலும் மேளம் நின்றுவிடவில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1817-இல் நகரசபை, ஞாயிற்றுக்கிழமை, குறித்த இடத்தில் மட்டும் கூடி ஆடலாம் என்று ஒழுங்கு செய்தது. கொங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் மேளம் வெளிப்படையாகவே கொட்டியது. இரண்டு, கைதட்டும் தொடைதட்டும் ஆப்பிரிக்காவிலேயே உண்டு. தடை அதைப் பிறப்பிக்கவில்லை, சில இடங்களில் அதன்மேல் கூடுதல் பாரத்தை ஏற்றியது. மூன்று, டேப்பில் அயர்லாந்து இருக்கிறது. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் ஐரிஷ்காரர்களும் கறுப்பினத்தவரும் ஒரே நிலவறைக் கூடத்தில் ஆடினார்கள். 'மாஸ்டர் ஜூபா' என்ற வில்லியம் ஹென்றி லேன் வளர்ந்தது அங்கே. 1842-இல் சார்லஸ் டிக்கன்ஸ் பார்த்து வியந்து எழுதிய ஆட்டக்காரர் அவர்தான் என்று கருதப்படுகிறது. கால் மாற்றம் ஐரிஷ்காரர்களின் ஜிக் ஆட்டத்திலிருந்து வந்திருக்கலாம். முழங்கால் தளர்ந்து உடம்பின் பாரம் கீழே இறங்கியதும், அடி தாளத்தின் இடுக்கில் விழுவதும் வேறு வீட்டுப் பழக்கம்.

லேன் இளம் வயதிலேயே பிரிட்டன் போய் அந்த நாட்டிலேயே மறைந்தார். முப்பது வயதைத் தொட்டாரோ என்னவோ.

18 பிப்ரவரி

கொங்கோ சதுக்கம் பற்றி இன்னும் கேட்டிருந்தார்கள். 1819 பிப்ரவரியில் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் தற்செயலாக அந்தப் பக்கம் போனார். ஐந்நூறு அறுநூறு பேர், பல வட்டங்கள், பெரிய வட்டமே பத்தடி அகலம்கூட இல்லை. நடுவில் இரண்டு பெண்கள் கைக்குட்டை நுனியைப் பிடித்து மெல்ல ஆடினார்கள். ஒரு கிழவர் உருளை மேளத்தின்மேல் காலை விரித்து உட்கார்ந்து கைவிரலால் வாசித்தார். லட்ரோப்புக்கு அந்த ஓசையும் ஆட்டமும் துளியும் பிடிக்கவில்லை, அதை எழுதியும் வைத்தார். ஆனாலும் வாத்தியங்களை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டார். பிடிக்காதவர் கை வரைந்த படத்தை வைத்துத்தான் இன்று நாம் பேசுகிறோம்.

மேளத்தின்மேல் உட்கார்ந்த அந்தக் கிழவரை 6-ஆம் தேதி குறிப்போடு சேர்த்துப் பாருங்கள். குதிகாலை அழுத்தினாரா என்று லட்ரோப் எழுதவில்லை.

19 பிப்ரவரி

பெயரை வைத்து ஆட்டத்தைத் துரத்தாதீர்கள். காலிந்தா என்ற பெயரை 1690-களிலேயே மார்த்தினிக்கில் இருந்த பாதிரியார் லபா குறித்து வைத்தார். கினியாக் கரையிலிருந்து வந்த ஆட்டம், அநேகமாக அர்தா நாட்டுடையது என்றார். அவர் கண்டது இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று தொடையோடு தொடை மோதுகிற ஆட்டம். திரினிதாதில் அதே பெயருக்குக் கம்புச்சண்டை என்று பொருள். ஜூபாவும் அப்படித்தான்: புவெர்ட்டோ ரிக்கோ போம்பாவில் யுபா ஒரு தாளம், ஹைத்தியில் ஜூபா ஒரு ஆட்டம், கரோலினாவில் தொடைத் தட்டு. பெயர் கப்பலேறிப் போகும்போது உள்ளே இருந்த சரக்கு மாறிவிடுகிறது. சில சமயம் சரக்கு மட்டும் போய்ப் பெயர் மாறுகிறது.

22 பிப்ரவரி

பிரேசிலின் சண்டை ஆட்டமான கபோயேரா பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டார்கள். காரணம், அதில் நானே ஒரு கதையை வருஷக்கணக்கில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தெற்கு அங்கோலாவில் வரிக்குதிரை மாதிரி உதைத்து ஆடும் எங்கோலோ என்ற ஆட்டம், அது பிரேசிலுக்குப் போய்க் கபோயேரா ஆனது என்று. 1960-களில் ஓர் ஓவியர் வழியாகப் பிரேசிலுக்கு வந்த விளக்கம் இது. எங்கோலோ உண்மையில் இருக்கிறது, தலைகீழ் உதையும் வட்டமும் இருக்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றது நேராகப் பிறந்தது என்று கோடு போட முடியாது. பிரேசிலின் துறைமுக நகரங்களில் பல ஊர் ஆட்கள் சேர்ந்து உருவாக்கியது அது.

வில் போன்ற பெரிம்பாவ் இல்லாமல் இன்று கபோயேரா இல்லை. ஆனால் 1835-இல் வெளிவந்த ருகெண்டாஸின் படத்தில் இருவர் எதிரெதிரே ஆட, ஒருவர் மேளத்தின்மேல் உட்கார்ந்து வாசிக்கிறார். பெரிம்பாவே இல்லை. அதுவும் ஆப்பிரிக்க வாத்தியம்தான், ஆனால் இந்த ஆட்டத்தோடு பிற்பாடுதான் சேர்ந்தது. அதாவது ஆப்பிரிக்கா ஒரே தடவை வந்து இறங்கி நின்றுவிடவில்லை, உள்ளூரிலேயே மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

1890 தண்டனைச் சட்டத்தில் கபோயேரா குற்றம். 1932-இல் மெஸ்த்ரே பிம்பா சல்வதோரில் பள்ளி தொடங்கினார். 2014-இல் யுனெஸ்கோ பட்டியல்.

22 பிப்ரவரி, பின்குறிப்பு

ஒரு நண்பர் கேட்டார்: "குவாதலூப், மார்த்தினிக்குக்கு நம் ஆட்களும் போனார்களே, அவர்கள் மேளம் இதில் கலந்ததா?" 1850-களில் தொடங்கி புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலிகளாகப் போனவர்கள் மாரியம்மன் பூசைக்குத் தப்பு கொண்டுபோனார்கள், அங்கே இன்றும் 'தப்பு' என்றே பெயர். அதற்குமேல் உறவு கொண்டாட எனக்கு ஆதாரம் இல்லை. குவாதலூப்பின் குவோகா மேளமும் அதன் ஏழு தாளங்களும் அங்கிருந்த ஆப்பிரிக்க வழியினருடையவை.

27 பிப்ரவரி

நண்பரே, நீங்கள் கேட்டது பழைய வழக்கு. 1940-களில் இரண்டு அறிஞர்கள் இதே கேள்வியில் மோதினார்கள். கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், அடிமைமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்றார். வெள்ளையின மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ், தொடர்ச்சி இருக்கிறது என்றார். ஃபிரேசியரின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். 'இவர்கள் இயல்பிலேயே வேறு மாதிரி' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்ற கவலை அவருக்கு. உங்கள் 'இரத்தத்தில் ஊறிய தாளம்' அவர் பயந்த அதே பேச்சு.

ஹெர்ஸ்கோவிட்ஸிடம் படித்த கேத்ரின் டன்ஹம் 1935-இல் கரீபியனுக்குப் போனார். அவரும் கறுப்பினப் பெண், நடனக்காரி. ஜமைக்காவின் மலைமேல் அக்கொம்பாங் என்ற ஊர், தப்பியோடிய அடிமைகளின் வழியினர் வாழ்வது. அவர்கள் தங்கள் கொரமாந்தி போர் ஆட்டத்தை அவருக்கு எளிதில் காட்டிவிடவில்லை. பேசினார்கள், சோறு போட்டார்கள், வேறு ஆட்டங்களை ஆடினார்கள். அவர் புறப்படும் நாள் நெருங்கியபோதுதான் அது கண்ணில் பட்டது. பிறகு ஹைத்தியில் யான்வலூ கற்றார்: முழங்கால் மடித்து, முதுகெலும்பு முழுவதும் பாம்பாக அலையும் ஆட்டம், தஹோமியிலிருந்து (இன்றைய பெனின்) வந்த தெய்வங்களுக்கானது. அந்த முதுகின் அலைதான் நியூயார்க்கில் அவர் உருவாக்கிய பயிற்சி முறைக்குள் போனது. இன்று எந்த ஊர் நவீன நடன வகுப்பிலும் முதுகை அலையாக்கச் சொன்னால் அதில் கொஞ்சம் ஹைத்தி இருக்கிறது.

துடைத்தெறியப்பட்டது என்று நாம் சொல்கிறவற்றில் எவ்வளவு நமக்குக் காட்டப்படாதவை என்று அக்கொம்பாங்கை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

3 மார்ச்

நேற்று வகுப்பு. ப்ரிமோ மறுபடி என்னிடம் வந்தது. ஆசிரியை வட்டத்துக்குள் வந்து தலை சாய்த்தார். நான் கணக்கு எதையும் எடுத்துக்கொள்ளாமல் வலது தோளை மட்டும் பார்த்தேன். வெகுநேரம் அது அசையவில்லை, அடி வைத்துச் சுற்றிவந்தார். பிறகு தோள் துணுக்கென்று ஏறியது, என் கையும் விழுந்தது. அவர் நிற்கவில்லை. பாவாடை நுனி இடப்பக்கம் வெட்டியது, அங்கே ஒன்று. அப்படி ஒரு ஏழெட்டு. இரண்டைத் தவறவிட்டேன்.

முடித்துவிட்டுப் பீப்பாய்க்குத் தலை சாய்த்து வட்டத்துக்குத் திரும்பினார். அடுத்து அவர் பேரன் வந்தான். பாவாடை இல்லாததால் சட்டையின் கீழ்நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தான்.